மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிக்க வருகிறவர்களுக்கு

ஆறு கம்பி கிட்டாருக்கு எந்த ஊரிலும் ஒரு வாத்தியார் கிடைத்துவிடுவார். பாட்டின் அடிச்சத்தத்தைத் தாங்குகிற பேஸ் கிட்டாருக்கு அப்படியில்லை. கிட்டாரிலிருந்து தாவி வந்தவர்களும், சர்ச்சில் ஆள் இல்லையென்று கையில் கொடுத்து நிறுத்தப்பட்டவர்களும்தான் இதில் அதிகம். எது வாங்குவது, எவ்வளவு கேட்பது, மேடையில் ஏன் இரைச்சல் வருகிறது என்று ஒவ்வொன்றையும் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் வந்தேன். ஆர்கெஸ்ட்ரா, கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, சர்ச், ஹோட்டல் என்று தமிழ்நாட்டில் வாசித்துச் சம்பாதிக்க நினைக்கிறவர்களுக்கு அந்தச் சிரமம் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சினிமா ரெக்கார்டிங் தனி உலகம், அதை இங்கே தொடவில்லை.

1. கிட்டாரிலேயே மொத்தப் பணத்தையும் போட்டுவிடாதீர்கள்

முதல் கிட்டாருக்கு 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஒதுக்கினால் போதும். யமஹா, ஐபனெஸ், கார்ட் மூன்றிலும் இந்த விலையை ஒட்டி மேடைக்குத் தாங்குகிற நாலு கம்பி கிட்டார்கள் உண்டு. பெயர் தெரியாத கம்பெனியின் ஆறாயிரம் ரூபாய் கிட்டார் வேண்டாம், ட்யூனிங் நிற்காது, கழுத்து வளைந்துவிடும். அந்தப் பணத்துக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரி கடைக்கு நேரில் போய் ரெண்டு மூன்றை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேஸில் எடை முக்கியம். நாலு கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்கப்போவது நீங்கள்தான்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது கழுத்தை ஒரு கண் மூடி நேராகப் பாருங்கள், முறுக்கியிருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஃபிரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) கடைசி வரை ஒவ்வொரு சுரமாக அழுத்தி வாசியுங்கள். ஒரே இடத்தில் சத்தம் செத்துப்போனாலோ கம்பி ஃபிரெட்டில் உரசிக் கரகரத்தாலோ விலையைக் குறைக்கச் சொல்லலாம். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பது சின்ன வேலை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

நாலு கம்பியா, ஐந்து கம்பியா? நம் ஊர்க் கச்சேரிக்கு என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் நாலு, அப்புறம் ஐந்துக்கு மாறுங்கள். காரணத்தைக் கட்டை, அதாவது சுருதி, பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

2. செட்டப் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்

கடையிலிருந்து வரும் கிட்டார் பெரும்பாலும் வாசிக்கத் தயாராக இருக்காது. ரிப்பேர் ஆளிடம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் காசு. சென்னை ஈரக்காற்றில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கழுத்து கொஞ்சம் அசையும், அதனால் நீங்களே கற்றுக்கொள்வது நல்லது. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) கால் சுற்றுதான் திருப்ப வேண்டும், பிறகு ட்யூன் பண்ணி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கீ இறுகி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். ராடு உடைந்தால் கழுத்தே போச்சு.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் விரலும் வலிக்காது, கம்பியும் உரசாது. அதே பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு வாசிக்கும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறிக் கேட்டால் பாலத்தில் (பிரிட்ஜ்) கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் முன்னுக்கு. இது சரியில்லாமல் மேலே போய் வாசித்தால் கீபோர்டோடு சேரவே சேராது, நீங்கள் தப்பாக வாசிப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

கம்பி செட் இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். வேர்வைக் கையாக இருந்தால் கச்சேரி முடிந்ததும் ஒரு துணியால் துடைத்து வையுங்கள், ஆயுள் இரட்டிப்பாகும். புதுக் கம்பியைக் கச்சேரி அன்று மாட்ட வேண்டாம். இழுத்து இழுத்து நிலைக்க ஒரு நாளாவது ஆகும்.

3. ஆம்ப் வேண்டாம், டி.ஐ. பாக்ஸ் வாங்குங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். முப்பதாயிரம் போட்டுப் பெரிய பேஸ் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கிவிட்டு அதை ஏற்றி இறக்க வண்டி இல்லாமல் வீட்டு மூலையில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் மேடைகளில் பேஸ் சத்தம் ஆடியோ செட்காரரின் மிக்சர் வழியாகத்தான் போகிறது. உங்களுக்கும் அந்த மிக்சருக்கும் நடுவே இருப்பது டி.ஐ. பாக்ஸ், கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி. இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரத்துக்குள் உழைக்கிறதாகக் கிடைக்கும்.

இது இல்லாவிட்டால் செட்காரர் ஒரு நீளமான சாதா ஜாக் ஒயரைக் கொடுத்து நேராக மிக்சரில் குத்திவிடுவார். பேட்டரி இல்லாத பாஸிவ் கிட்டாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) அந்த லைன் இன்புட்டோடு ஒத்துப்போகாது. மேல்சத்தம் எல்லாம் போய், போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். ஒயர் நீள நீள இரைச்சலும் சேரும். டி.ஐ. பாக்ஸிலிருந்து எக்ஸ்எல்ஆர் ஒயரில் (மைக்குக்குப் போடும் மூன்று பின் ஒயர்) போனால் முப்பது மீட்டர் தள்ளி மிக்சர் இருந்தாலும் சுத்தமாகப் போய்ச் சேரும். மின்சாரம் வேண்டிய ஆக்டிவ் டி.ஐ. வாங்கினால் மிக்சரிலிருந்து அந்த ஒயர் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போடச் சொல்லுங்கள், கூடவே ஒரு 9 வோல்ட் பேட்டரியும் பையில் இருக்கட்டும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வரும். பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள், பாதித் தடவை இரைச்சல் அதிலேயே போய்விடும்.

உங்கள் கிட்டார் ஆக்டிவ் வகை (பேட்டரி போட்டது) என்றால் வாசிக்காத நேரத்தில் ஜாக்கை உருவி வையுங்கள். ஜாக் உள்ளே இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். சவுண்ட் செக் முடிந்து சாப்பிடப் போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால், ஒரு நாள் எட்டாவது பாட்டில் சத்தம் உடைய ஆரம்பிக்கும். உருவுவதற்கு முன் மிக்சர்காரருக்குக் கை காட்டிச் சேனலை மியூட் பண்ணச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டம்மென்று ஸ்பீக்கர் பாக்ஸ் வெடிக்கிற சத்தம் வரும், அன்றைக்கு முழுக்க அவர் உங்களிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

பையில் இருக்க வேண்டிய மற்றவை: ஐந்து, ஆறு மீட்டரில் ரெண்டு ஜாக் ஒயர், ஒரு எக்ஸ்எல்ஆர் ஒயர், பெடல் ட்யூனர் (கிளிப் ட்யூனர் மேடைச் சத்தத்தில் தடுமாறும்), ஒரு பழைய கம்பி செட், ஆலன் கீ, டெஸ்டர், இன்சுலேஷன் டேப், அகலமான தோல் ஸ்ட்ராப், காதில் வைக்கும் பிளக். எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்தாயிரம் ஆகும். கிட்டாரில் மிச்சம் பிடிக்கச் சொன்னது இதற்குத்தான்.

4. டெஸ்டர் எதற்கு என்றால்

பேஸ் கம்பிகள் பாலம் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. நீங்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டு இன்னொரு லைனிலிருந்து கரன்ட் வரும் மைக்கில் வாயை வைத்தால், எர்த் சரியில்லாத மேடையில் ஷாக் அடிக்கும். லேசாகச் சுர்ரென்று போவதும் உண்டு, உயிரை வாங்குவதும் உண்டு. மேடை ஏறியதும் மைக்கின் தலையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் செட்காரர் சரி பண்ணும்வரை கிட்டாரை மாட்டாதீர்கள். மழையில் நனைந்த மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னால் கீழே ரப்பர் மேட் கேளுங்கள். இரைச்சலைப் போக்குகிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமே போகாதீர்கள்.

5. கை

வலது கையில் சுட்டுவிரல், நடுவிரல் மாறி மாறி. இதைத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து மெதுவாக, நாளுக்கு இருபது நிமிஷம், சத்தம் ரெண்டு விரலிலும் ஒரே மாதிரி வரும்வரை செய்யுங்கள். இடது கையில் கீழ் ஃபிரெட்டுகளில் நாலு விரலையும் நாலு ஃபிரெட்டுக்கு விரித்து வைக்கத் தேவையில்லை. சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் மூன்று ஃபிரெட்டுக்கு வைத்து, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக விடுங்கள். மணிக்கட்டு வலிக்காமல் பல வருஷம் வாசிக்கலாம். ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே போனபின் விரலுக்கு ஒரு ஃபிரெட் வைத்துக்கொள்ளலாம்.

கிட்டாரிலிருந்து வந்தவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினம் சுரத்தை நிறுத்துவது. பேஸில் ஒரு சுரம் எங்கே முடிகிறது என்பதும் எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சமமான விஷயம். நாலு கம்பி கிட்டாரின் அடிக் கம்பியான ஈயை எங்கும் அழுத்தாமல் திறந்து வாசித்தால் அதிர்வு வினாடிக்கு 41. திருவிழாவில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய பாக்ஸ்களில் அதை அப்படியே ஓட விட்டால் பாட்டே தெரியாது, வெறும் உருமல்தான். வாசிக்காத கம்பிகளின் மேல் வலது கட்டைவிரலைப் படுக்க வையுங்கள், ஒவ்வொரு கம்பியாக மேலே நகரும்போது கட்டைவிரலும் கூடவே நகரட்டும். இடது கை விரலை லேசாகத் தூக்கினாலே சுரம் நின்றுவிடும்.

அடுத்தது டிரம்ஸ்காரரின் கால். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தில் உங்கள் சுரம் விழ வேண்டும். ரிகர்சலில் அவர் வலது காலைப் பார்க்கிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். ரிதம் பேட் (தட்டினால் டிரம்ஸ் சத்தம் தரும் மின்னணுப் பலகை) வைத்து வாசிக்கும் குழுவில் மானிட்டரில் (மேடையில் உங்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) பேடும் பாடகரும் மட்டும் போதும் என்று கேளுங்கள், மற்றது தானாகக் காதில் விழும்.

முன்கை வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். பலமாகப் பிடுங்கி வாசிப்பதுதான் பெரும்பாலும் காரணம். மிக்சரில் ஏற்றச் சொல்லிவிட்டு மெல்லத் தட்டுங்கள்.

6. பாட்டு எடுப்பது, கட்டை மாற்றுவது

போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, கேட்கிற மாதிரி தோன்றுவது மேல்சுரங்கள்தான். நல்ல ஹெட்போன் போடுங்கள். வேகத்தைக் குறைக்கும் ஆப்களில் பல ஒரு ஸ்தாயி ஏற்றவும் செய்யும். ஏற்றிக் கேட்டால் கலங்கிக் கிடந்த பேஸ் தெளிவாகத் தெரியும்.

வெறும் ரூட் சுரத்தை (கார்டின் ஆதார சுரம்) வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைத்தால் அது இளையராஜா பாட்டில் நடக்காது. அவர் பேஸுக்குத் தனி மெட்டே போட்டிருப்பார், அதை அவருடைய பேஸ்காரர் சசிதரன் வாசித்துக் கேட்டே வளர்ந்த சனம் கீழே உட்கார்ந்திருக்கிறது. இன்டர்லூடில் (இடையிசை) ஒரு நகர்வு விட்டுப்போனால் முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பாட்டுகளை ஒவ்வொரு சுரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரஹ்மான் பாட்டுகளுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றைக் கேளுங்கள், எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். குத்துப் பாட்டில் குறைவாக வாசியுங்கள், அங்கே தோல் வாத்தியங்களே கீழ்ச்சத்தத்தை நிரப்பிவிடும்.

இப்போது கட்டை. குழுவில் பழைய ஆட்கள் சி, டி என்று சொல்ல மாட்டார்கள். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் இருக்கும் ஷார்ப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது. இதை மனப்பாடம் பண்ணாமல் ரிகர்சலுக்குப் போகாதீர்கள்.

பாடகர் மேடையில் நின்றுகொண்டு, "தம்பி, இன்னைக்குத் தொண்டை சரியில்ல, அரை இறக்கிக்கலாம்" என்பார். கீபோர்டுக்கு ஒரு பட்டன். உங்களுக்குக் கேப்போவும் (கழுத்தில் மாட்டிச் சுருதி மாற்றும் கிளிப்) இல்லை, பட்டனும் இல்லை. மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்கு இறங்கினால் அந்த அடிச்சுரம் நாலு கம்பி கிட்டாரில் கிடையவே கிடையாது. ஏ கம்பியில் ஆறாவது ஃபிரெட்டுக்குப் போய் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம், ஆனால் பாட்டின் கனம் போய்விடும். ஐந்து கம்பி கிட்டாரில் அடிக் கம்பியின் நாலாவது ஃபிரெட்டில் அது தயாராக இருக்கிறது. ஐந்துக்கு மாறச் சொன்னது இதனால்தான். எந்த கிட்டாராக இருந்தாலும், திறந்த கம்பியே தொடாமல் ஒவ்வொரு பாட்டையும் அரை ஏற்றி, அரை இறக்கி வீட்டிலேயே வாசித்துப் பாருங்கள். அப்படி அறுபது பாட்டு கையில் இருந்தால் எந்தக் குழுவிலும் உட்காரலாம்.

7. குழுவில் சேர்வது

முதல் வாய்ப்பு விளம்பரம் பார்த்து வராது. யாரோ ஒரு பேஸ்காரருக்கு ஒரே நாளில் ரெண்டு கச்சேரி வரும், அவர் ஒன்றை உங்களுக்குத் தருவார். அதனால் உள்ளூர்க் கச்சேரிகளுக்குப் போய் அவரிடம் பேசுங்கள், பழகுங்கள். அவர் கொடுத்த இடத்தில் போய் உங்கள் நம்பரை நீட்டாதீர்கள். அந்தக் குழு மறுபடி கூப்பிட்டால், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். இது ஒன்றுக்காகவே உங்களுக்கு வருஷம் முழுக்க வேலை வரும்.

பல குழுக்களில் கீபோர்டுகாரரே இடது கையில் பேஸைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் சேர்ந்தபின்னும் பழக்கத்தில் அந்தக் கை ஓடும், ரெண்டு பேஸும் சேர்ந்து சகதியாகும். மேடையில் சைகை காட்டிச் சண்டைக்குப் போகாமல், ரிகர்சலிலேயே, "அண்ணே, லெஃப்ட் ஹேண்டை எனக்கு விட்டுடுங்க, தப்பு வந்தா என்னைத் திட்டுங்க" என்று கேளுங்கள்.

சீசன் கணக்கு தெரிந்தால்தான் வீட்டுச் செலவைத் திட்டமிட முடியும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் கச்சேரி தினமும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் படுத்துவிடும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கிறிஸ்துமஸ் பாட்டும் டிசம்பர் 31 ஹோட்டல் நிகழ்ச்சியும் கைகொடுக்கும். தை முதல் வைகாசி வரை ரிசப்ஷனும் திருவிழாவும் மாறி மாறி வரும். கையில் எப்போதும் ரெண்டு மாதச் செலவு இருக்கட்டும்.

8. காசு பேசுவது

புதியவருக்கு வெளியூர்களில் ஒரு கச்சேரிக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று தொடங்குவார்கள். சென்னையில் கொஞ்சம் கூடும். ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு மாறும். ஒப்புக்கொள்ளும் முன் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: சம்பளம் எவ்வளவு, பயணச் செலவு தனியா, சாப்பாடு உண்டா, ரிகர்சலுக்குக் காசு உண்டா, பணம் அன்று இரவே கையிலா, நிகழ்ச்சி ரத்தானால் என்ன. பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் தேதி, இடம், தொகை மூன்றையும் ஒரு வரியில் அனுப்பி, "சரிதானே அண்ணே?" என்று கேட்டு ஒரு பதில் வாங்கிவிடுங்கள். ஒரு குழுவில் எனக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோய், கடைசியில் கிடைத்ததே இப்படி ஒரு மெசேஜ் போனில் இருந்ததால்தான்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை உண்டு. அரசு தளர்த்திய சில நாட்களைத் தவிர மற்ற நாட்களில் போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். அரசியல் பேச்சு நீண்டு கச்சேரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் முடிந்துபோனால், "பாதிதானே வாசிச்சீங்க" என்று காசைக் குறைக்கப் பார்ப்பார்கள். தாமதம் எங்களால் இல்லையென்றால் முழுச் சம்பளம் என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.

9. காகிதங்கள்

கிட்டார் வாங்கிய பில்லையும் அதன் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். திருட்டுப் புகாருக்கும் விமான நிலையத்துக்கும் இது வேண்டும்.

பான் கார்டு கட்டாயம். கம்பெனி நிகழ்ச்சிகளில் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் கொடுப்பார்கள். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம், 2025 ஏப்ரல் முதல் ஒரே நிறுவனத்திடம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். பிடித்த பணம் உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பலரும் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

10. வெளிநாட்டுக் கச்சேரி

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது, கூப்பிட்டால் ரெண்டு வாரம்தான் நேரம் இருக்கும். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் 3,500. காலாவதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் விடாது. "டூரிஸ்ட் விசாவில் வாங்க, பாத்துக்கலாம்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் போகாதீர்கள். காசு வாங்கி வாசிப்பது வேலை, அதற்கு அந்த நாட்டின் அனுமதி எடுத்துத் தருவது அவர் பொறுப்பு. மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்.

கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் கிட்டாரைக் காட்டி, பில் கொடுத்து, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்று கேட்டுத் தீர்வை போட மாட்டார்கள். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். கிட்டாரைப் பொதுவாகக் கேபினுக்குள் விட மாட்டார்கள், அதனால் கெட்டியான ஹார்டு கேஸ் வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான், கேஸோடு சேர்த்தால் கிட்டாரே பத்தைத் தொடும். துணிமணிகளைச் சிறு பையில் போட்டுக் கேபினுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கிட்டாரின் தலைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு துண்டை மடித்துத் திணித்துவிட்டுக் கவுன்டரில் கொடுங்கள்.